வலை நிறையச் சாளை, தேடுவது வேறு மீன்: கிருமிகளின் புரதங்களைப் படிப்பது பற்றி

போன ஐப்பசி மழையில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழையில் வெட்டு இல்லாத நாட்களில் வாழைக்கு மண் அணைக்கப் போவார், தோட்டத்தில் வடிகால் தோண்டப் போவார், காலில் செருப்புகூட இருக்காது. "மழ நனஞ்சதுக்க காய்ச்சல் மக்கா, சுக்குவெள்ளம் குடிச்சா போவும்" என்றார். மூன்றாம் நாள் கெண்டைக்கால் வலியில் திண்ணையிலிருந்து இறங்கவே முடியவில்லை, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கூட்டிக்கொண்டு போனோம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட் நெகட்டிவ். ஆனாலும் டாக்டர் மாத்திரையை எழுதித் தொடங்கிவிட்டார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் எடுத்த ரத்தத்தில் பாசிட்டிவ்.

லேப்பில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த டெஸ்ட் கிருமியைத் தேடுவதே இல்லை, கிருமிக்கு எதிராக நம் உடம்பு செய்கிற ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரிகிற அளவுக்கு ஏற ஐந்தாறு நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். சிக்கல் என்னவென்றால் ஈரலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற மருந்து தொடங்கவேண்டியது அந்த முதல் வாரத்தில்தான். அப்படியானால் கிருமியையே நேராகப் பிடிக்கிற டெஸ்ட் ஒன்று வேண்டும், முடிந்தால் தடுப்பூசி வேண்டும், இருக்கிற மருந்து நாளைக்குக் கேட்காமல் போனால் புது மருந்தும் வேண்டும். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: அந்தக் கிருமியிடம் இருக்கிற ஆயிரக்கணக்கான புரதங்களில் எதைப் பிடிப்பது? இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிற துறைக்குப் பெயர் புரோட்டியோமிக்ஸ். ஒரு உயிரியிடம் ஒரு நேரத்தில் இருக்கிற புரதங்கள் அத்தனையையும் மொத்தமாகப் படிப்பது. புரோட்டியோம் என்ற சொல்லே 1994இல் தான் வந்தது, மார்க் வில்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியர் சொன்னது.

மரபணுவைத்தான் முழுக்கப் படித்துவிட்டார்களே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. எங்கள் ஊர் ரேஷன் கார்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், வீட்டுக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று இருக்கும். கதவைத் தட்டினால் பாதி வீட்டில் அப்பனும் மகனும் வளைகுடாவில் இருப்பார்கள். பட்டியலில் பெயர் இருப்பது வேறு, இன்றைக்கு வீட்டில் யார் இருக்கிறார், என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பது வேறு. மரபணு பட்டியல், புரதம்தான் ஆள். எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும் லெப்டோஸ்பைரா தேங்கின தண்ணீரில் கிடக்கும்போது சில புரதங்களைச் செய்யும், நம் காலில் இருக்கிற கீறல் வழியாக உள்ளே வந்து 37 டிகிரி ரத்தத்தில் நீந்தும்போது வேறு சிலவற்றைச் செய்யும். மரபணு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சரி, இத்தனை புரதங்களையும் எப்படி அடையாளம் காண்கிறார்கள்? எடை போட்டுத்தான். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியை மிக மிக நுட்பமான தராசு என்றே வைத்துக்கொள்ளலாம். முழுப் புரதத்தை அப்படியே வைத்தால் கையாளக் கஷ்டம், அதனால் டிரிப்சின் என்ற நொதியைப் போட்டு வெட்டுவார்கள். நம் குடலில் இறைச்சியையும் மீனையும் செரிக்க உதவுகிற அதே நொதிதான். அது கண்ட இடத்தில் வெட்டாது, புரதச் சங்கிலியின் மணிகளான அமினோ அமிலங்களில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டுக்குப் பின்னால் மட்டுமே வெட்டும், அதனால் எந்தப் புரதத்தை வெட்டினால் என்னென்ன துண்டு விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். துண்டுகளை மெல்லிய ஊசி முனையில் மின்னழுத்தம் கொடுத்துத் தெளித்துப் பறக்கவிட்டு, எடை பார்த்து, பிறகு அதையும் உடைத்து, உடைந்ததற்கும் எடை பார்த்து, கிடைத்த எண்களை மரபணுப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். பெரிய மூலக்கூறுகளை உடையாமல் பறக்கவைக்க வழி கண்டுபிடித்ததற்காகத்தான் 2002இல் ஜான் ஃபென்னுக்கும் கோய்ச்சி தனாக்காவுக்கும் நோபல் கிடைத்தது. தனாக்கா பி.எச்டி. முடித்தவர்கூட இல்லை, ஷிமாட்சு கம்பெனியில் எஞ்சினியர். கோபால்ட் தூளில் தெரியாமல் கிளிசரினைக் கலந்துவிட்டு, வீணாக்க மனசில்லாமல் அதையே கருவியில் வைத்துப் பார்த்தவர்.

இப்படி லட்சக்கணக்கான எடைகளை ஒத்துப் பார்க்கும்போது தற்செயலாகவும் சில பொருந்திவிடும். அதைப் பிடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. ரேஷன் பட்டியலில் இல்லாத ஆட்களின் பெயர்களை வேண்டுமென்றே சேர்த்துவைத்தால், கணக்கெடுப்பவர் எத்தனை போலிப் பெயருக்கு டிக் போட்டிருக்கிறார் என்பதை வைத்து அவர் வேலையின் லட்சணம் தெரியும் அல்லவா, அதேதான். உண்மையான புரத வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பிப் போலிப் பட்டியல் ஒன்று செய்து கலந்துவிடுவார்கள். பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தப்பு வராத இடத்தில் கோடு போடுவது வழக்கம்.

பொல்லாத கிருமிகளில் இன்னொரு தொல்லை உண்டு. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பரவுகிற நிபா மாதிரி வைரஸை உயிரோடு தொட மிக உயர்ந்த பாதுகாப்பு ஆய்வகம், அதாவது பி.எஸ்.எல்-4 வேண்டும் (புனேயில் இருக்கிறது, 2012இல் திறந்தது). கோடிக்கணக்கில் விலையுள்ள மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பெரும்பாலும் அதற்குள்ளே கொண்டுபோய் வைக்க மாட்டார்கள். பழுது பார்க்க வரும் ஆளுக்கும் அந்த முழு உடுப்பை மாட்டிவிட முடியுமா? அதனால் கிருமியை உள்ளேயே கொன்று, வெறும் புரதத்தை மட்டும் வெளியே எடுத்து வருவார்கள். கொல்வதற்குச் சூடும், நம் பற்பசையில் நுரை வர வைக்கிற சோடியம் லாரில் சல்ஃபேட்டும், யூரியா, குவானிடின் போன்றவையும் பயன்படும். செத்துவிட்டது என்று சொன்னால் மட்டும் போதாது, கொன்ற மாதிரியை எடுத்து மறுபடி வளர்த்துப் பார்த்து, ஒன்றும் முளைக்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் குழாய் வெளியே வரும். புரோட்டியோமிக்ஸ் இந்த வகைக் கிருமிகளுக்கு ஏன் இவ்வளவு தோதாக இருக்கிறது என்றால் காரணம் இதுதான்: செத்த கிருமியும் பேசும்.

இனி மீன் விஷயத்துக்கு வருகிறேன். தேங்காய்ப்பட்டணத்திலோ குளச்சலிலோ கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுத்து முடித்து மடியைப் பிரிக்கும்போது நின்று பார்த்திருக்கிறீர்களா? சாளை (மத்தி) சீசனில் கரை முழுக்க வெள்ளியாகச் சாளை மட்டும்தான் தெரியும். அடியில் ஒற்றை நெய்மீன் (வஞ்சிரம்) கிடந்தாலும் கூடை நிரம்பி வழிவது சாளைதான். புரதங்களும் அப்படியே. ரத்த நீரில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறையப் பாதி அல்புமின் என்ற ஒன்றே ஒன்று. அதிகம் உள்ளதற்கும் அரிதானதற்கும் இடையில் ஆயிரம் கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கும். நோயாளியின் ரத்தத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுவது, அந்தச் சாளைக் குவியலில் ஒரு கூனி இறாலைத் தேடுவது மாதிரி.

கிருமியை மட்டும் தனியாக வளர்த்து எடுத்தாலும் அதற்குள்ளும் சாளை உண்டு. சூரிச்சில் ருவேடி ஏபர்சோல்டின் குழு 2009இல் லெப்டோஸ்பைராவின் ஒரு செல்லுக்குள் எந்தப் புரதம் எத்தனை பிரதி என்று எண்ணியே பார்த்துவிட்டது. வெளிச்சவ்வைச் சேர்ந்த லிப்-எல்-32 என்ற புரதம் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 38,000 பிரதிகள்! நோயாக்கும் லெப்டோஸ்பைராக்களில் இருக்கிறது, நோயாக்காத வகைகளில் இல்லை, நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடியும் இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், தடுப்பூசிக்கு இதைவிட நல்ல குறி எது? பல வருடம் பல குழுக்கள் இதன் பின்னால்தான் போயின. ஆனால் அதே 2009இல் ஆஸ்திரேலியாவில் பென் ஆட்லர் குழு அந்தப் புரதமே இல்லாத லெப்டோஸ்பைராவை எடுத்து ஹாம்ஸ்டர் என்ற எலி மாதிரிச் சிறு பிராணிகளுக்கும் எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தது. ஹாம்ஸ்டருக்கு வழக்கம்போல நோய் வந்தது, எலியின் சிறுநீரகத்தில் கிருமி வழக்கம்போல ஜாலியாகக் குடியிருந்தது. அப்புறம் 2013இல் இன்னொரு ஆய்வு, அது வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டு நிற்கவே இல்லை, உள்பக்கமாகத்தான் ஒட்டியிருக்கிறது என்று காட்டியது. வெளியே தலைகாட்டாத ஒன்றை ஆன்டிபாடி எப்படிப் பிடிக்கும்?

ஒரேயடியாக வீண் என்று சொல்லமாட்டேன், நோய் வந்ததா என்று கண்டுபிடிக்கும் டெஸ்ட்டுக்கு லிப்-எல்-32 நன்றாகவே உதவுகிறது. ஆனால் கூடையில் நிறைய இருப்பதுதான் விலை போகும் என்று நினைத்தது தப்புக்கணக்கு. புரோட்டியோமிக்ஸ் பற்றி வருகிற செய்திகளில் "இத்தனை ஆயிரம் புரதங்களைக் கண்டறிந்தார்கள்" என்று தலைப்பு பார்த்தால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். அந்த எண்ணிக்கை சந்தேகப்படவேண்டியவர்களின் பட்டியல், அவ்வளவுதான். கழித்துக்கட்டும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: இது இல்லாமல் கிருமி பிழைக்குமா, இதே சாயலில் நம் உடம்பில் ஏதாவது இருக்கிறதா, மருந்து போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்று.

கழித்துக்கட்டி நெய்மீனைப் பிடித்த கதையும் ஒன்று உண்டு. அதற்கு மண்ணுக்குள் போகவேண்டும். மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய், நம் ஊரில் அதற்குப் பேர்கூடக் கிடையாது. பர்க்ஹோல்டேரியா சூடோமாலி என்ற பாக்டீரியா ஈர மண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருந்து, கால் புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே வரும். சர்க்கரை நோய் இருக்கிறவர்களை அதிகம் பிடிக்கும். காசநோய் மாதிரி, சாதாரண நிமோனியா மாதிரி, ஈரலில் சீழ்க்கட்டி மாதிரி என்று பல வேஷம் போடும், லேபிலும் சமயத்தில் வேறு பாக்டீரியா என்றே முடிவு வரும். கேரளம், கடலோரக் கர்நாடகம், தமிழ்நாடு எல்லா இடத்திலும் பதிவாகியிருக்கிறது. இரண்டு பருவமழையும் கொட்டுகிற, ரப்பர் தோட்டத்திலும் வாழைத் தோப்பிலும் வெறுங்காலோடு நடக்கிற, சர்க்கரை மாத்திரை இல்லாத வீடே அபூர்வமான எங்கள் மாவட்டத்து டாக்டர்கள் மனதில் வைத்திருக்கவேண்டிய நோய். உலகம் முழுக்க வருடத்துக்கு 1,65,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்று 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. மதிப்பீடுதான், ஆனால் பாதிக்கு மேல் சாவு என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கா இதை ஆந்த்ராக்ஸோடு ஒரே வரிசையில் உயிரியல் ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கிறது. இந்த நோயை முதலில் விவரித்து எழுதியது 1912இல், ரங்கூனில் இருந்து, ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும். விட்மோர் நோய் என்று ஒரு பெயர் நிலைத்தது, கிருஷ்ணசுவாமியை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

இந்தப் பாக்டீரியாவின் முழு மரபணுவும் 2004இல் வந்துவிட்டது. அதில் ஏராளமான மரபணுக்களுக்கு என்ன வேலை என்றே தெரியாது, வெறும் எண் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். இதற்கு பர்க்ஹோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் என்று ஒரு தம்பி உண்டு. அதுவும் மண்ணில்தான் இருக்கும், ஆனால் மனிதரை அபூர்வமாகத்தான் தொந்தரவு செய்யும். அண்ணன் ரவுடி, தம்பி சாது. இரண்டின் புரதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அண்ணனிடம் மட்டும் இருக்கிற, தம்பியிடம் இல்லாத புரதம் எது என்று பார்த்தார்கள். அப்படிக் கண்ணில் பட்டவற்றில் ஒன்று பி.பி.எஸ்.எல்-1549 என்ற எண் போட்ட, பெயரில்லாத புரதம். அதைப் படிகமாக்கி வடிவத்தைப் பார்த்தபோது வேறொரு பாக்டீரியாவின் நச்சுப் புரதத்தோடு சாயல் இருந்தது, எலிக்குக் கொடுத்தால் எலி செத்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு அதற்குப் பெயரும் கிடைத்தது, பர்க்ஹோல்டேரியா லீத்தல் ஃபேக்டர் 1.

அது என்ன செய்கிறது என்பதை வெளியே கொண்டுவந்த விதம்தான் எனக்குப் பிடித்த இடம். நம் செல்லுக்குள் புரதம் செய்யத் தொடங்க வேண்டுமானால் முதலில் மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ. நூலில் விழுந்திருக்கும் சிக்கை அவிழ்க்கவேண்டும். அவிழ்ப்பது இ.ஐ.எஃப்-4ஏ என்ற புரதம். இந்த நஞ்சு அதில் 339ஆவது இடத்தில் இருக்கிற குளூட்டமின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தை மட்டும் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. எடைக்கணக்கில் பார்த்தால் இந்த மாற்றம் ஏறக்குறைய ஒரு டால்டன், அதாவது ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை. 46,000 டால்டன் இருக்கிற புரதத்தில் ஒன்று கூடுகிறது! முழு எடைத் தேங்காயில் ஒரு நார் கூடினது மாதிரி, ஆனால் சிக்கு அவிழ்வது நின்றுபோகும், புரதம் செய்யும் பட்டறை மொத்தமும் இழுத்து மூடப்படும், செல் சாகும். நச்சுப் புரதத்தில் 94ஆவது இடத்தில் இருக்கிற சிஸ்டீன் என்ற ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டால் பல் பிடுங்கின பாம்புதான். மருந்து அந்த இடத்தை அடைத்தால் போதும் என்று ஒரு வழியும், பல் பிடுங்கினதையே தடுப்பூசியாகக் கொடுக்கலாம் என்று இன்னொரு வழியும் திறந்தது. மருந்துக்கடைக்கு இன்னும் எதுவும் வரவில்லை. நோயாளிக்கு இன்றைக்கும் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, அப்புறம் மூன்று மாதம் கோ-ட்ரைமோக்சசோல் மாத்திரை.

இதுவரை சொன்னது கிருமியின் புரதத்தைப் பிடிக்கிற கதை. வைரஸில் விளையாட்டு கொஞ்சம் மாறும், ஏனென்றால் அதனிடம் சொந்தமாக இருப்பதே கொஞ்சம்தான், மற்றதெல்லாம் நம்முடையதை ஓசியில் எடுத்து ஓட்டுவது. கோழிக்கோட்டுப் பக்கம் நிபா என்று டிவியில் ஸ்க்ரோல் ஓடினால் இங்கே கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், சந்தையில் என்ன பழம் என்றுகூடக் கேட்காமல் ஒதுக்குவார்கள். 2018இல் கேரளத்தில் 17 பேரைக் கொண்டுபோன இந்த வைரஸ் நம் செல்லுக்குள் எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்பதை 2005இல் கண்டுபிடித்தது தூண்டில் போட்டுத்தான். வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஜி புரதத்தை மட்டும் தனியாகச் செய்து தூண்டில் முள்ளாக வைத்து, மனித செல்லின் புரதங்களுக்குள் போட்டு இழுத்தார்கள். கொத்திக்கொண்டு வந்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து எடை பார்த்தால் எஃப்ரின்-பி2. ரத்தக்குழாய்களின் உள்சுவரிலும் நரம்பு செல்களிலும் இருக்கிற புரதம். நிபா ஏன் நேராக மூளைக் காய்ச்சலில் கொண்டுபோய் விடுகிறது என்பது அந்த ஒரே பெயரில் விளங்கிவிட்டது.

கதவு தெரிந்துவிட்டது என்பதற்காகக் கதவையே அடைத்துவிட முடியாது, எஃப்ரின்-பி2 நம் ரத்தக்குழாய்க்கு வேண்டியது. சாவியை மடக்குவதுதான் வழி. எம்-102.4 என்ற ஆன்டிபாடி செய்வது அதைத்தான், ஜி புரதத்தில் எஃப்ரின் வந்து உட்காரும் இடத்தில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கண்டெடுத்த வழி வேறு, ஆனால் எங்கே உட்கார்கிறது, ஏன் வேலை செய்கிறது என்பது புரிவது கதவு தெரிந்ததால்தான். 2018இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கேரளத்துக்கு அந்த மருந்து வந்து சேர்ந்தபோது நோய் அடங்கத் தொடங்கியிருந்தது, யாருக்கும் போடவில்லை.

இந்தத் தூண்டில் முறையைப் பெரிய அளவில் பார்த்தது கோவிட் காலத்தில். 2020இல் கொரோனா வைரஸின் 26 புரதங்களைத் தூண்டிலாகப் போட்டு, அவற்றோடு மனிதப் புரதங்கள் சேர்கிற 332 இணைப்புகளைப் பிடித்தார்கள். அதில் மருந்து போய் ஒட்டக்கூடிய மனிதப் புரதங்கள் 66, அதற்கு ஏற்கெனவே இருக்கிற அல்லது ஆய்வில் இருக்கிற மருந்துகள் 69 என்று சில மாதத்தில் பட்டியலே வந்துவிட்டது. வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சமயத்தில் பழைய மருந்துகளைத் தூசி தட்டி எடுத்துச் செல்லில் வைரஸை அடக்குகிறது என்று வந்த முடிவுகளில் பல, வைரஸின் குறியைத் தாக்கியதால் வந்தவை அல்ல, மருந்து செல்லுக்குள் கொழுப்பைத் தேங்கவைத்ததால் வந்த மாயத்தோற்றம் என்று 2021இல் இன்னொரு ஆய்வு காட்டியது. கண்ணாடித் தட்டில் இருக்கிற செல் வேறு, கட்டிலில் கிடக்கிற ஆள் வேறு.

மருந்து உண்மையில் எதில் ஒட்டுகிறது என்று பார்க்க இப்போது அழகான ஒரு வழி உண்டு. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் திரள்கிற மாதிரி எல்லாப் புரதமும் ஏதோ ஒரு சூட்டில் திரளும். மருந்து வந்து ஒட்டிக்கொண்ட புரதம் மட்டும் பெரும்பாலும் இன்னும் நாலைந்து டிகிரி தாக்குப்பிடிக்கும். மருந்து போட்ட செல், போடாத செல் இரண்டையும் படிப்படியாகச் சூடேற்றி, எந்தப் புரதம் திரளாமல் மிஞ்சுகிறது என்று எடை பார்த்தால் போதும். 2014இல் இருந்து இதைச் செய்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு அன்றைக்கு எழுதிக் கொடுத்தது டாக்ஸிசைக்ளின், ஒரு நாளைக்கு இரண்டு, ஏழு நாள். 1967இல் புழக்கத்துக்கு வந்த மருந்து. உண்ணிக்காய்ச்சலுக்கும் கேட்கும், அதனால்தான் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டர்கள் தொடங்கிவிடுகிறார்கள். புரோட்டியோமிக்ஸ் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் வந்த அந்த மாத்திரை செய்வதும் இதே வேலைதான், பாக்டீரியாவின் புரதப் பட்டறையான ரைபோசோமில் போய் உட்கார்ந்து அது புரதம் செய்வதை நிறுத்திவிடுகிறது. இரண்டாவது மாத்திரையை அவர் வெறும் வயிற்றில் போட்டு வாந்தி எடுத்தார், சித்தியிடம் வசமாகத் திட்டு வாங்கினார். மூன்றாவதைக் கஞ்சி குடித்துவிட்டுப் போட்டார். ஐந்தாம் நாள் திண்ணையிலிருந்து தானாக இறங்கிப் போய், பால் வெட்டும் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.